ஆயிரம் பகுதித் தொடரை ஓரமாக வையுங்கள்

கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் ஓர் அக்காவின் கேள்வி இது. மகன் படிவம் 2இல் படிக்கிறான். ‘நருட்டோ’ என்ற ஜப்பானிய அனிமேயை, அதாவது அசைபடத் தொடரை, முழுவதும் பார்த்து முடித்துவிட்டு இப்போது ‘ஒன் பீஸ்’ பக்கம் போயிருக்கிறான். மகள் தமிழ்ப்பள்ளியில் ஆண்டு 5. கணவருக்குக் காவல்துறைக் கதைகள் பிடிக்கும். மாமியாரோ, “ஜப்பான்காரன் கதையையா பார்க்கிறீர்கள்?” என்று முகம் சுளிக்கிறார். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டில் எல்லாரும் சேர்ந்து பார்க்கும்படி ஒரு தொடர் வேண்டும். எதிலிருந்து தொடங்குவது, பிள்ளைகளுக்கு எது ஆகும், எது ஆகாது, புத்தகமாக வாங்குவதா திரையில் பார்ப்பதா என்று கேட்கிறார். மகனின் நண்பர்கள் ஆளுக்கொரு ‘தலைசிறந்த பத்து’ பட்டியலை அனுப்பித் தலையைச் சுற்ற வைத்துவிட்டார்களாம்.

அக்கா, அந்தப் பட்டியல்களை முதலில் மறந்துவிடுங்கள். பதினான்கு வயதுப் பையன் கைப்பேசியும் காதொலிக் கருவியுமாகத் தனியே மூலையில் உட்கார்ந்து விடிய விடியப் பார்ப்பதற்கு அவை பொருந்தும். ஒரு வீட்டுக் கூடத்துக்கு அவை பொருந்தாது. ஒரு தொடரை எவருக்காவது சொல்வதற்கு முன் நான் இரண்டைத்தான் பார்ப்பேன். மூலக்கதை எந்த இதழில், எத்தனை நாளுக்கு ஒருமுறை வந்தது? திரைத்தொடரை எடுத்தபோது அந்தக் கதை எவ்வளவு தூரம் வந்திருந்தது? இணையத்தில் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்பதைவிட இந்த இரண்டும் எனக்கு அதிகம் சொல்லும்.

மங்கா என்கிற ஜப்பானியச் சித்திரக்கதை பெரும்பாலும் நேராகப் புத்தகமாக வருவதில்லை. இதழில் தொடராக வந்து, பிறகு தொகுதிகளாகச் சேர்க்கப்படும். தமிழ் வாசகருக்கு இது பழகிய வழிதான். ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாரந்தோறும் வந்த கதை. அத்தியாயம் முடிகிற இடத்தில் இருட்டில் ஒரு குரல் கேட்பதும் கத்தி ஒன்று பளிச்சிடுவதும் அடுத்த இதழுக்காக நம்மைக் காத்திருக்க வைப்பதற்குத்தான். ஜப்பானில் இதைப் பெரும் தொழிலாகவே நடத்தினார்கள். 1968இல் தொடங்கிய ‘ஷோனென் ஜம்ப்’ வார இதழ் 1990களின் நடுவில் ஒரே வாரத்தில் 65 லட்சம் பிரதிகளைத் தொட்டது. ஒவ்வோர் இதழிலும் ஒரு வாசகர் அட்டை இருக்கும். பிடித்த மூன்று கதைகளைக் குறித்து அனுப்ப வேண்டும். தொடர்ந்து பின்தங்குகிற கதையைச் சில மாதங்களிலேயே நிறுத்திவிடுவார்கள். வரைபவர் வாரத்துக்குச் சுமார் 19 பக்கம் கொடுத்தாக வேண்டும். அந்தப் பக்கங்களுக்குள் ஒரு மோதல், ஒரு திகைப்பு, கடைசிக் கட்டத்தில் ஒரு கொக்கி. நருட்டோ, ஒன் பீஸ், ஸ்லாம் டங்க், டெத் நோட், டீமன் ஸ்லேயர் எல்லாமே இந்தக் களத்தில் பிழைத்து வந்தவை. அவற்றில் ஒரு எதிரி விழுந்ததும் அவனைவிடப் பெரிய எதிரி வந்து நிற்பதற்கு இந்த வாசகர் அட்டையும் ஒரு காரணம்.

இதற்கு மேல் திரைத்தொடர் வந்து சேரும்போதுதான் உண்மையான தலைவலி. வாரம் ஒரு பகுதி ஒளிபரப்பினால், அது மங்காவைவிட வேகமாக ஓடிக் கதையை எட்டிப் பிடித்துவிடும். பிறகு என்ன செய்வது? இட்டு நிரப்புவார்கள். முதல் ‘நருட்டோ’ தொடர் 2002 முதல் 2007 வரை 220 பகுதிகள். அதில் 135க்குப் பிறகு வருபவை ஏறக்குறைய எல்லாமே மங்காவில் இல்லாத கதைகள். உங்கள் மகன் இவற்றையும் உட்கார்ந்து பார்த்திருப்பான். கேட்டுப் பாருங்கள், ஒன்றிரண்டுகூட நினைவிருக்காது. ‘ஒன் பீஸ்’ வேறு வழியைப் பிடித்தது. பார்வையையும் பெருமூச்சையும் நீட்டி, ஒரு மங்கா அத்தியாயத்தையே ஒரு முழுப் பகுதியாக்கியது. 1999இல் தொடங்கிய அந்தத் தொடர் 1,100 பகுதிகளைத் தாண்டிவிட்டது. நாளுக்கு ஒன்று பார்த்தாலும் மூன்று ஆண்டுகள் ஆகும். அதற்குள் மகள் இடைநிலைப்பள்ளிக்குப் போய்விடுவாள். எனக்கு ‘ஒன் பீஸ்’ மிகவும் பிடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அது மங்காவாகப் படிக்க வேண்டிய கதை. அதைப் படைத்த எய்ச்சிரோ ஓடா வரைகிற பக்கத்தில் மூலை முடுக்கெல்லாம் ஏதாவது நடந்துகொண்டிருக்கும். வாசகர் தன் வேகத்தில் போகலாம். மகனைப் புத்தகத்தின் பக்கம் திருப்பிவிடுங்கள், கூடத்துத் தொலைக்காட்சியை அதற்குக் கொடுக்காதீர்கள். “நூறு பகுதி பொறுத்துக்கொண்டால் பிறகு நன்றாக இருக்கும்” என்று யார் சொன்னாலும் புன்னகைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

மாத இதழில் வந்த கதைகளின் நடை வேறு. ‘வின்லாண்ட் சாகா’ இதற்கு நல்ல சான்று. மகோட்டோ யுகிமுரா அதை 2005இல் ஒரு வார இதழில்தான் தொடங்கினார். அந்த வேகம் அவருக்கு ஒத்துவரவில்லை. அதே ஆண்டின் இறுதியில் ‘ஆஃப்டர்நூன்’ என்ற மாத இதழுக்குக் கதையை மாற்றிக்கொண்டார். அதன் பிறகு அது பழிவாங்கும் கதையாக இருந்ததிலிருந்து, பழிவாங்கி முடித்தவனுக்கு என்ன மிச்சம் என்று கேட்கிற கதையாக மாறியது. திரைத்தொடரின் இரண்டாம் பருவம் கிட்டத்தட்ட முழுவதும் ஒரு பண்ணையில் அடிமைகள் காடழித்து நிலம் திருத்துவதைப் பற்றியது. வார இதழில் இதை வாசகர் அட்டை விட்டுவைத்திருக்குமா என்பது சந்தேகம்தான். வன்முறை கடுமையாக இருப்பதால் மகளுக்கு இது வேண்டாம். மகனுக்கு இரண்டு ஆண்டு கழித்துக் கொடுங்கள்.

உங்கள் வீட்டுக்கு நான் முதலில் சொல்வது ‘ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்ட்: பிரதர்ஹூட்’. இறந்துபோன தாயை ரசவாதத்தால் உயிர்ப்பிக்க முயன்று, ஒருவன் கையையும் காலையும், மற்றவன் முழு உடலையும் இழந்துவிட்ட இரண்டு சகோதரர்களின் கதை. ஹிரோமு அரகாவா என்ற பெண் வரைந்தது. 2001 முதல் 2010 வரை ஒரு மாத இதழில் வந்து 27 தொகுதிகளில் முடிந்தது. இதை இரண்டு முறை திரைத்தொடராக எடுத்தார்கள். 2003இல் எடுத்தபோது மங்கா தொடக்கத்தில்தான் இருந்தது. ஆகவே பாதியிலிருந்து தனி வழியில் போய் வேறொரு முடிவைத் தொட்டது. 2009இல் மீண்டும் எடுத்தது மங்காவை ஒட்டியே போய், மங்கா முடிந்த சில வாரங்களில் 64ஆவது பகுதியோடு தானும் முடிந்தது. மகனின் நண்பர்கள் இரண்டில் எது சிறந்தது என்று சண்டை போடுவார்கள். நீங்கள் அதில் தலையிட வேண்டாம். வீட்டில் சேர்ந்து பார்க்க இரண்டாவதுதான். சிரிப்பு, சண்டை, அரசியல், அழுகை எல்லாம் அளவாக இருக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: நான்காவது பகுதியில் ஒரு சிறுமியும் அவளுடைய நாயும் வருவார்கள். அதை நீங்கள் முதலில் தனியாகப் பார்த்துவிடுங்கள். பெரியவர்களே அதைப் பார்த்துவிட்டு அன்றிரவு சரியாகத் தூங்குவதில்லை. மகள் இளகிய மனமுள்ளவள் என்றால் அந்தப் பகுதியைத் தாண்டிவிட்டு, நடந்ததை வாயால் சொல்லிவிடுங்கள்; கதை புரியாமல் போகாது.

இரண்டாவதாக நான் சொல்வது எந்தப் பையனின் பட்டியலிலும் இருக்காது. ‘சிஹாயாஃபுரு’. கேள்வியில் மகள் தமிழ்ப்பள்ளியில் படிக்கிறாள் என்று படித்தவுடனே எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது.

ஜப்பானில் பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஃபுஜிவாரா நோ தெய்கா என்ற புலவர் நூறு புலவர்களிடமிருந்து ஆளுக்கு ஒரு பாடலாக எடுத்து ஒரு தொகை செய்தார். ஒவ்வொன்றும் 31 அசை. நம் குறுந்தொகையைப்போல, சின்ன இடத்துக்குள் ஒரு காதலோ பிரிவோ பருவகாலமோ அடங்கியிருக்கும். அந்த நூறு பாடல்களை வைத்துப் பிற்காலத்தில் ஒரு சீட்டு விளையாட்டு உருவானது. தரையில் பாடல்களின் பின்பாதி எழுதிய அட்டைகள். ஒருவர் முன்பாதியிலிருந்து பாடலைப் படிப்பார். அது எந்தப் பாடல் என்று தெரிந்தவுடன், எதிரி கை வைப்பதற்குள் உரிய அட்டையைத் தட்டிவிட வேண்டும். போட்டியில் 50 அட்டைகள்தான் தரையில் இருக்கும், ஆளுக்கு 25. படிப்பவரோ நூறையும் படிப்பார், ஆகவே பாதிப் பாடல்களுக்குத் தரையில் அட்டையே இருக்காது. அவசரப்பட்டுக் கை வைத்தால் தண்டம். ஆட்டத்துக்கு முன் அட்டைகள் கிடக்கும் இடத்தை மனத்தில் பதித்துக்கொள்ள 15 நிமிடம் கொடுப்பார்கள். நூறில் ஏழு பாடல்களை முதல் அசையிலேயே அடையாளம் கண்டுவிடலாம், ஏனென்றால் அந்த அசையில் வேறு பாடல் தொடங்குவதில்லை. மற்றவற்றுக்கு இரண்டு, மூன்று, சிலவற்றுக்கு ஆறு அசைவரை காத்திருக்க வேண்டும். கேட்பதற்குப் புலவர் வகுப்பு மாதிரி தோன்றும். திரையில் பார்த்தால் பூப்பந்து இறுதியாட்டம் தோற்றுவிடும். அட்டைகள் பறக்கும், விரல் வீங்கும், ஆட்டக்காரர்கள் வியர்த்துச் சுருண்டு விழுவார்கள்.

கதையின் நாயகி சிஹாயா. அவளுடைய அக்கா விளம்பர அழகி. அக்கா நாட்டிலேயே முதலிடம் பெற வேண்டும் என்பதுதான் தன் கனவு என்று சொல்லிக்கொண்டு திரிகிறவள். ஃபுகுயியிலிருந்து டோக்கியோவுக்கு வந்த அராட்டா என்ற பையனை வகுப்பே கேலி செய்கிறது: ஊர்ப் பேச்சு, பழைய உடுப்பு, விடியற்காலையில் செய்தித்தாள் போடும் வேலை. கனவென்றால் அது உன்னைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்று அவளுக்கு உறைக்கச் சொல்பவன் அவன்தான்; அந்த விளையாட்டைக் கற்றுக்கொடுப்பவனும் அவனே.

திருக்குறள் மனனப் போட்டிக்குப் பிள்ளையைத் தயார் செய்த எவருக்கும் இந்தத் தொடரின் நடுவில் வரும் ஒரு வாக்குவாதம் தெரிந்ததாக இருக்கும். சிஹாயாவுக்குப் பாடல்களின் பொருளில் அக்கறை இல்லை. அவளுக்கு அவை ஒலிகள், யார் முதலில் தட்டுகிறார்கள் என்பதுதான் எல்லாம். அவள் குழுவில் சேரும் கனடே என்ற பெண் கிமோனோக் கடைக்காரரின் மகள். அவளுக்குப் பாடலின் பொருள்தான் உயிர், விளையாட்டு இரண்டாம் பட்சம். பொருள் தெரியாமல் மனனம் செய்வதில் என்ன பயன், பொருளைச் சுவைத்துக்கொண்டே இருந்தால் வேகம் எங்கிருந்து வரும் என்ற கேள்வியைத் தொடர் யார் பக்கமும் சாய்க்காமல் வளர்த்துக்கொண்டு போகிறது. கனடே ஒரு பாடலை விளக்கும்போது அதன் நிறம் மாறுகிறது. அடுத்த முறை அந்த அட்டை பறக்கும்போது சிஹாயாவோடு சேர்ந்து நமக்கும் ஏதோ செய்கிறது. தலைப்புக்கு அடிப்படையான பாடல், இலையுதிர் காலத்துச் செவ்விலைகள் தட்சுதா ஆற்று நீரையே சிவப்பாக்கியதைப் பற்றியது. ‘செம்புலப் பெயல்நீர்’ படித்தவர்களுக்குச் சிவப்பும் நீரும் சேர்ந்தால் மனம் எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஒரு குறை உண்டு. மூன்று பருவங்களாக 74 பகுதிகள் வந்தன, கடைசிப் பருவம் 2020இல் முடிந்தது. மங்கா 2022இல் 50ஆவது தொகுதியில்தான் முடிவை எட்டியது. திரைத்தொடரில் கதையின் கடைசிப் பங்கு இல்லை. அது தெரிந்தும் சொல்கிறேன். முதல் பருவத்தின் 25 பகுதிகளே தனியாக நிறைவு தருபவை.

கணவருக்கு ‘மான்ஸ்டர்’. தயங்க வேண்டியதே இல்லை. நவோகி உராசாவா மாதம் இருமுறை வரும் பெரியவர்களுக்கான இதழில் 1994 முதல் 2001 வரை வரைந்தது. திரைத்தொடர் 2004இல்தான் தொடங்கியது. கதை முடிந்து கையில் இருந்ததால் 74 பகுதிகளில் ஒரு இடத்திலும் இட்டு நிரப்பல் இல்லை. ஜெர்மனியில் பணிபுரியும் ஜப்பானிய மூளை அறுவைச் சிகிச்சை நிபுணர் டென்மா, நகர மேயரை விட்டுவிட்டு, முதலில் வந்து சேர்ந்த சிறுவனைக் காப்பாற்றுகிறார். அந்தச் சிறுவன் வளர்ந்து கொலைகாரனாகிறான். டென்மாவைத் துரத்தும் லுங்கே என்ற காவல் அதிகாரி, கேட்டதையெல்லாம் காற்றில் விரல்களால் தட்டச்சு செய்து மனத்தில் பதித்துக்கொள்பவர். உங்கள் கணவர் அவரிடம் சிக்கிக்கொள்வார். பிள்ளைகள் தூங்கிய பிறகு பாருங்கள். ‘டெத் நோட்’டும் 37 பகுதிகளில் முடிகிற நல்ல துப்பறியும் ஆட்டம்தான், ஆனால் 25ஆவது பகுதிக்குப் பிறகு எனக்குச் சுவை குறைந்துவிடுகிறது. எப்படியும் மகன் அதை எப்போதோ பார்த்து முடித்திருப்பான்.

மாமியாரின் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும்.

அவர் முகம் சுளிப்பதைப் பழைய காலத்து மனம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். 1941 டிசம்பர் முதல் 1945 வரை இந்த நாட்டை ஜப்பானியப் படை ஆண்டது. சயாம் மரண ரயில் பாதைக்காக நம் தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஆயிரம் ஆயிரமாக ஏற்றிக்கொண்டு போனார்கள்; பெரும்பாலான குடும்பங்களுக்கு அவர்கள் எங்கே புதைக்கப்பட்டார்கள் என்றுகூடத் தெரியாது. அந்தக் கதையை மகனிடம் அவரே சொல்லட்டும். அனிமே உலகம் இதை அநேகமாகப் பேசுவதில்லை. போரைப் பற்றி வரும் படங்களில் பெரும்பாலும் ஜப்பானியர் பட்ட துன்பமே இருக்கும். 1988இல் வந்த ‘கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃபிளைஸ்’ மகத்தான படம், பசியால் சாகும் அண்ணன் தங்கையின் கதை. ஆனாலும் அந்தப் போரை யார் தொடங்கினார்கள் என்று அது கேட்பதில்லை.

கேட்டவர்களும் இருக்கிறார்கள். கெய்ஜி நகசாவா ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது ஆறு வயதுச் சிறுவன். தந்தையையும் அக்காவையும் தம்பியையும் அன்றே இழந்தவர். அவர் 1973இல் தொடங்கிய ‘பேர்ஃபுட் கென்’ பத்துத் தொகுதி மங்கா, குண்டு போட்டவர்களோடு சேர்த்துத் தன் நாட்டுப் பேரரசரையும் படைத் தலைமையையும் குற்றக்கூண்டில் நிறுத்துகிறது. அண்டை வீட்டுக் கொரியரை ஊரார் எப்படி நடத்தினார்கள் என்பதையும் மறைப்பதில்லை. வியப்பு என்னவென்றால், அது தொடங்கியதும் இதே ஷோனென் ஜம்ப் இதழில்தான். ஷிகேரு மிசுகி இன்னொருவர்; போர்க்களத்தில் இடக்கையை இழந்து ஊர் திரும்பி, ஒற்றைக் கையால் வரைந்தவர். தன் படையின் அதிகாரிகள் சிப்பாய்களை வீணாகச் சாகவிட்டதை அவர் 1973இலேயே மங்காவாக்கினார். மகன் படிவம் 3, 4 வரும்போது வரலாற்றுப் பாடப் புத்தகத்தோடு சேர்த்து இவற்றைக் கொடுங்கள். மகளுக்கு இப்போது வேண்டாம்.

மாமியார் தோட்டத்தில் வளர்ந்தவரா? மாடு வைத்திருந்த குடும்பமா? அப்படியென்றால் ‘சில்வர் ஸ்பூன்’ போட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் உட்காருங்கள். ஃபுல்மெட்டல் வரைந்த அதே அரகாவாதான் இதையும் வரைந்தார். ஹொக்கைடோவில் பால் பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர், வரைய வருவதற்கு முன் ஏழு ஆண்டுகள் பண்ணையிலேயே உழைத்தவர். நகரத்தில் தேர்வு, தரவரிசை என்று தந்தையின் நெருக்கலில் மூச்சுத் திணறிய ஹச்சிகென் என்ற பையன், வீட்டைவிட்டுத் தூரமாகப் போனால் போதும் என்று ஒரு விவசாய உயர்நிலைப் பள்ளியில் வந்து சேர்கிறான். முட்டை கோழியின் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்த்தே அதிர்ந்து போகிறவன், விடிவதற்கு முன் எழுந்து தொழுவம் கழுவுகிறான், கன்று ஈனும்போது கைகொடுக்கிறான். தான் வளர்த்த பன்றிக்குட்டி இறைச்சிக்குப் போகும் என்று தெரிந்தே அதற்குப் பெயர் வைக்கிறான். பிறகு வகுப்பு நண்பன் ஒருவனின் பண்ணை கடனில் மூழ்கி, மாடுகளை லாரியில் ஏற்றி அனுப்புகிற இடம் வரும். தோட்டம் துண்டாடப்பட்டபோது வீட்டையும் மாட்டையும் விட்டுவிட்டுப் பட்டணத்துக்கு வந்தவர்களுக்கு அந்தக் காட்சிக்கு விளக்கவுரை வேண்டாம். மொத்தமே 22 பகுதிகள். இறைச்சிக்கூடம் பற்றிய பேச்சு உண்டு. சைவ வீடு என்றால் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

இதுவும் வேண்டாம் என்றால் 1993இல் வந்த இந்திய-ஜப்பானியக் கூட்டுத் தயாரிப்பான ராமாயணப் படம் இருக்கிறது. யுகோ சாகோ, கொய்ச்சி சசாகி, ராம் மோகன் மூவரும் சேர்ந்து இயக்கியது. 2025 ஜனவரியில் இந்தியாவில் தமிழ்க் குரலிலும் திரையிட்டார்கள். அதில் ராவணனின் நகரத்தை வரைந்திருக்கும் அழகுக்காகவே பார்க்கலாம்.

பிள்ளைகளுக்கு எது ஆகும் என்ற கேள்வியில் பலர் ஏமாறுகிற இடம் ஒன்று. ‘ஷோனென்’ என்ற சொல் பையன்கள் வாசிக்கும் இதழில் வந்தது என்பதைத்தான் காட்டும். வயதுச் சான்றிதழாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. மனிதர்களை அரக்கர்கள் பிடித்துத் தின்னும் ‘அட்டாக் ஆன் டைட்டன்’ வந்ததும் ஷோனென் இதழில்தான். ‘டீமன் ஸ்லேயர்’ தங்கையைக் காக்கும் அண்ணனின் கதை என்று சின்னப் பிள்ளைகளுக்குப் பொம்மையும் பையும் வாங்கித் தருகிறார்கள். முதல் பகுதியிலேயே ஒரு குடும்பம் கொல்லப்பட்டுக் கிடக்கிறது. முதல் மூன்று பகுதிகளை நீங்கள் பார்த்துவிட்டால் போதும், ஒரு தொடரின் முகம் தெரிந்துவிடும். மகளுக்குத் தனியாகப் பார்க்க ‘மை நேபர் டொட்டோரோ’ போன்ற படங்கள் இருக்கவே இருக்கின்றன. ‘ஃப்ரீரென்’ தொடரையும் அவளோடு பார்க்கலாம். அரக்க மன்னனைக் கொன்று முடித்த பிறகு தொடங்கும் கதை; ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாழும் ஒருத்தி, தன்னோடு பத்தாண்டு பயணம் செய்த தோழன் கிழவனாகி இறந்த பிறகு, அவனைத் தெரிந்துகொள்ள முயலவே இல்லையே என்று அழுகிறாள். சண்டை உண்டு, அவசரம் இல்லை.

மலேசியர் என்பதால் பூப்பந்துத் தொடர் உண்டா என்று மகன் கேட்பான். ‘ஹனெபாடோ’ இருக்கிறது, 13 பகுதிகள். ஆட்டம் வரைந்திருக்கும் விதம் அருமை, ஆனால் தாய் விட்டுப்போன பெண்ணின் கசப்பு முழுக்கப் படர்ந்திருக்கும். அதைவிடக் கைப்பந்துக் கதையான ‘ஹைக்யூ’ மேல். வார இதழில் வந்ததுதான் என்றாலும், ஆண்டு முழுவதும் ஓட்டாமல் பருவம் பருவமாக இடைவெளி விட்டு எடுத்ததால் 85 பகுதிகளும் கச்சிதமாக இருக்கும். அண்மைக் காலத்தில் பெரும்பாலான தொடர்களை இப்படி 12, 13 பகுதிகளாகத்தான் எடுக்கிறார்கள். நருட்டோ காலத்து நோய் கணிசமாகக் குறைந்துவிட்டது. ‘ஸ்லாம் டங்க்’குக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. 1996இல் 101ஆவது பகுதியோடு தேசியப் போட்டிக்கு முன்பே நின்றுபோன அந்தத் தொடரின் கடைசி ஆட்டத்தைத் திரையில் பார்க்க, அதன் மங்காவை வரைந்த இனோவே தானே இயக்கிய 2022ஆம் ஆண்டுப் படம்வரை ரசிகர்கள் காத்திருந்தார்கள்.

புத்தகமா திரையா என்றால், முதலில் திரையில் பாருங்கள், பிடித்ததை மட்டும் வாங்குங்கள். எழுபது தொகுதிக் கதைக்கு வீட்டில் அலமாரி வேண்டுமே. மலாய்ப் பதிப்புகள் ஆங்கிலப் பதிப்புகளைவிட மலிவு. ‘டிராகன் பால்’ கதையை ‘முத்தியாரா நாகா’ என்ற பெயரில் மலாயில் படித்து வளர்ந்த தலைமுறை எங்களுடையது, பிள்ளையின் மலாயும் கூடவே தேறும். ஆங்கிலத்தில் வேண்டுமென்றால் சுரியா கேஎல்சிசியில் உள்ள கினோகுனியா புத்தகக் கடையில் கிடைக்கும். தொகுதிகளைப் புரட்டிப் பார்த்து முடிவு செய்யலாம். பினாங்குப் பக்கம் போனால் சௌராஸ்தா சந்தையின் மாடியில் பழைய புத்தகக் கடைகளை ஒரு சுற்றுச் சுற்றுங்கள், அடுக்கின் அடியில் என்ன அகப்படும் என்று சொல்ல முடியாது. காசு செலவழிக்குமுன் சோதித்துப் பார்க்க ‘மங்கா பிளஸ்’ செயலி இருக்கிறது. ஜம்ப் இதழின் பதிப்பகமே 2019இல் தொடங்கியது, பல தொடர்களின் முதல் மூன்று, கடைசி மூன்று அத்தியாயங்களை இலவசமாகத் தருகிறது. யூடியூபில் ‘மியூஸ் ஆசியா’, ‘ஆனி-ஒன்’ ஆகிய இரண்டும் உரிமம் பெற்றே நம் வட்டாரத்துக்குத் தொடர்களை இலவசமாக வெளியிடுகின்றன. இவ்வளவு இருக்கும்போது, விளம்பரப் பலகைகள் துள்ளும் திருட்டுத் தளங்களுக்கு மகன் போகத் தேவையில்லை.

டிசம்பரில் கோலாலம்பூர் மாநாட்டு மையத்தில் நடக்கும் ‘காமிக் ஃபியஸ்டா’ சித்திரக்கதை விழாவுக்குப் போக வேண்டும் என்று அவன் கட்டாயம் கேட்பான். 2002 முதல் நடந்து வருவது. வேடம் போட்டுக்கொண்டு வருபவர்களின் கூட்டம் அலைமோதும். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். வேடங்களைப் பார்த்து முடித்ததும், உள்ளூர் ஓவியர்கள் தாங்களே வரைந்ததை மேசை போட்டு விற்கும் வரிசைக்கு அவளை அழைத்துச் செல்லுங்கள். காலையிலேயே போய்விடுவது நல்லது; மதியத்துக்கு மேல் அந்த வரிசையில் நடக்கவே இடம் இருக்காது.